குலநாயகம் குடித்த பால்

தவமணி சர்க்கரைவள்ளிக் கிழங்கை வெட்டினால் ஒவ்வொரு துண்டும் அவளுடைய சுண்டுவிரல் அளவில் இருக்கும். பிள்ளை கைக்குள் பொத்திப் பிடித்தாலும் அரைவாசி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கவேண்டும், அப்போதுதான் கடிக்க வரும் என்பது அவள் கணக்கு. ஆவியில் அவித்து ஆறவிட்ட பிறகு முதல் துண்டைத் தன் வாயில் போடுவாள். பல்லில் படாமல் நாக்கால் மேலண்ணத்தில் வைத்து அழுத்துவாள். நசுங்கினால் பிள்ளைக்கு. நசுங்காவிட்டால் சட்டி திரும்ப அடுப்புக்குப் போகும்.

பாண் ரொட்டியின் கரையையும் அவள் வீணாக்குவதில்லை. நீளமாக அறுத்து, சோறு வடித்த அடுப்பின் தணலுக்கு மேலே தட்டில் பரப்பிக் கல்லுப்போலக் காயவைப்பாள். பல் முளைக்கும் ஈறு அரிக்கிற நாட்களில் பிள்ளை அதைச் சப்பிச் சப்பிக் கரைத்துத் தின்னும். துண்டாக உடைந்து தொண்டைக்குப் போகாது. மீன் என்றால் அவித்து, விரலால் மூன்று தரம் தடவி, முள் இல்லையென்று கண்ட பிறகுதான் கிண்ணத்தில் விழும். பூசணி, பப்பாளி, அவித்த முட்டையின் மஞ்சள், கீரை பிசைந்த குழைசோறு என்று நாளுக்கொன்று. புதிதாக ஒன்றைக் கொடுத்தால் மூன்று நாளைக்கு வேறு புதியது கிடையாது. பிள்ளையைத் தலையணை முட்டுக்கொடுத்து நிமிர்த்தி இருத்தாமல் ஒரு வாய்கூட ஊட்டமாட்டாள். தம்பி தான் வேலைபார்க்கும் கந்தோரிலிருந்து கொண்டுவந்து எறிந்த பழைய டயரியில் தேதி போட்டு, என்ன தின்றான், எப்படி வெளிக்குப் போனான் என்றெல்லாம் எழுதுவாள். ஐந்தாம் வகுப்புப் படித்த கையெழுத்து. ஆனால் கோடு பிசகாது.

பிள்ளை அவள் பெற்றதல்ல. அவளுடைய தம்பி கனகசுந்தரத்தின் மகன் குலநாயகம். தாய் நல்லம்மா பிரசவக் காய்ச்சலில் பன்னிரண்டாம் நாள் கண்ணை மூடிவிட்டாள். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் ஆண்டு. பினாங்கில் அரசாங்கக் கிளார்க்குமார் குடியிருந்த வரிசை வீடு ஒன்றில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அந்த அக்காவும் தம்பியும் ஒரு கைக்குழந்தையுடன் தனித்துப் போனார்கள். தம்பியையும் அவன் பத்து வயதிலிருந்து வளர்த்தவள் தவமணிதான். அவன் சீனியர் கேம்பிரிட்ஜ் சோதனை தேறினான் என்பதை யார் கேட்காவிட்டாலும் சொல்லுவாள். அவளுக்கென்று வந்த இரண்டு சம்பந்தங்களும் அந்தப் பெருமைக்குப் பின்னால் காத்துநின்று சலித்துப் போய்விட்டன.

பசுப்பால் பிள்ளைக்கு ஒத்துவரவில்லை. குடித்ததெல்லாம் திரும்பி வந்தது. வீட்டுக்குப் பின்னால் சந்தில் ஜன்னத் இருந்தாள். அவள் புருஷன் கமால் சூலியா தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல்காரன். ஜன்னத்தின் மகள் ரொஸ்னாவுக்கு அப்போது மூன்று மாதம். நல்லம்மா போன நாலாம் நாள் ஜன்னத் பின்கதவைத் தட்டினாள்.

"அக்கா, புள்ள அழுவுறது எனக்குக் கேக்குது. எனக்கு ரெண்டு புள்ளைக்குப் பால் இருக்கு. குடுங்க இங்க."

தவமணி கதவைச் சாத்திவிட்டாள். மறுநாள் பிள்ளைக்கு அழவும் தெம்பில்லை. அப்போது அவளே போய்ச் சந்துக்குள் நின்று கூப்பிட்டாள்.

ஏழு மாதம் அப்படி நடந்தது. ஜன்னத் பின்கதவால் வருவாள். தவமணி ஜன்னல்களை அடைப்பாள். ஜன்னத் ஒரு பக்கம் ரொஸ்னாவையும் மறுபக்கம் குலநாயகத்தையும் போட்டுக்கொண்டு சமையலறைப் பலகையில் இருப்பாள்.

"இதை ஒருதருக்கும் சொல்லிப்போடாதையும், ஜன்னத்."

"நான் யாருகிட்டக்கா சொல்லப்போறேன்? ஒங்க கோயில் ஐயருகிட்டயா?" என்று ஜன்னத் சிரிப்பாள். பிறகு பிள்ளையின் தலையைத் தடவி, "ஆனா இவன் எனக்கும் மவன்தான். எங்க மார்க்கத்துல பால் குடுத்தா அது ரத்தம் மாதிரி. ரொஸ்னாவும் இவனும் அக்கா தம்பி, தெரியுமா?" என்பாள்.

தவமணி துணியை நனைத்துப் பிழிவாள். பலகையைத் துடைப்பாள்.

ஏழாம் மாதம் ஜன்னத்துக்குத் திரும்பவும் வயிற்றில் தங்கியது. பால் வற்றியது. கமாலுக்கு வேலைக்குக் கிட்ட ஒரு மாடி அறை கிடைத்து அவர்கள் சூலியா தெருவுக்குப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகுதான் ஆட்டுப்பாலும் கிழங்கும் பாண்கரையும் மீனும் தொடங்கின. குலநாயகம் நாலு பல்லோடு தவழ்ந்தான், ஆறு பல்லோடு எழுந்து நின்றான்.

பதினான்காம் மாதம் துரைசானிமார் கூடிக் குழந்தைக் காட்சி ஒன்று நடத்தினார்கள். தவமணி பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை போட்டு, ஒரு கையில் பாண்கரையும் கொடுத்துக் கொண்டுபோனாள். நிறுத்தார்கள், பல்லை எண்ணினார்கள், காலை இழுத்து நீட்டிப் பார்த்தார்கள். முதலாம் பரிசு வெள்ளிக் கிண்ணம் குலநாயகத்துக்கு. பிள்ளைக்கு என்ன கொடுக்கிறாய் என்று வெள்ளைக்கார டாக்டரம்மா கேட்டதாக நர்ஸ் தமிழில் சொன்னபோது தவமணி டயரியை விரித்தாள். அதற்குள் அடுத்த பிள்ளையைத் தராசில் ஏற்றிவிட்டார்கள்.

ஒரு கிழமைக்குப் பிறகு டின்பால் கம்பெனி ஏஜெண்டு படம்பிடிக்கிற ஆளுடனும் ஒரு பெட்டி டின்னுடனும் வீட்டுக்கு வந்தான். தவமணி கோயிலுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது பெட்டி மேசையில் இருந்தது, தம்பி பேனாவை மூடிக்கொண்டிருந்தான்.

"என்ன எழுதிக் குடுத்தனீ?"

"பிள்ளை இந்தப் பாலிலதான் வளந்தது எண்டு ஒரு கடிதம்."

"ஒரு சொட்டு அவன்ர வாயில பட்டிருக்கோ, தம்பி?"

"பட்டா என்ன படாட்டி என்ன, அக்கா? ஒரு கையெழுத்துத்தானே. எங்கட துரையின்ர சிநேகிதன் வந்து கேக்கிறான். மாட்டன் எண்டு சொல்லுறதோ?"

"அப்ப நான் அவிச்ச கிழங்கு? நான் முள்ளெடுத்த மீன்?"

"கிழங்குக்கு ஆர் படம் போடப்போகினம்?" கனகசுந்தரம் சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "பிறந்த நாள் தொடக்கம் என்ன குடிச்சவன் எண்டு அவன் கேட்டவன். என்ன சொல்லச் சொல்லுறியள்? பின்கதவைச் சொல்லவோ?"

தவமணி பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சமையலறை மூலையில் வைத்தாள்.

விளம்பரம் நாலு பாஷையில் வந்தது. தமிழில் இப்படி இருந்தது: "பிறந்த நாள் முதல் எமது பால் ஒன்றையே அருந்திப் பரிசு பெற்ற பாலகன். தகப்பனார் மிஸ்டர் கனகசுந்தரம், அரசாங்க உத்தியோகத்தர்." படத்தில் குலநாயகத்தின் கையிலிருந்த பாண்கரையை அழித்துவிட்டிருந்தார்கள். அழித்த இடத்தைத் தவமணி விரலால் தடவிப் பார்த்தாள். ஆனாலும் தம்பியின் பேர் அச்செழுத்தில் வந்துவிட்டதே! ஒரு தாளை ஓரம் பிசகாமல் வெட்டி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவைத்தாள். அந்த வருஷமே தம்பிக்கு உத்தியோக உயர்வும் வந்தது.

ஜன்னத் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பழக்கத்தில் பின்கதவாலேயே வந்தாள். மெலிந்திருந்தாள். கையில் ஒரு மாதப் பெண் குழந்தை, நோர்மா. மற்றக் கையில் மடித்த விளம்பரத் தாள்.

"காய்ச்சல்ல கெடந்தேன் அக்கா. பாலே வரல. இந்தப் படத்தப் பாத்தேன், நம்ம மவன்!" என்று சிரித்தாள். "பொறந்ததுலேருந்து இதுதான்னு போட்டிருக்கான். அது பொய்னு ஒங்களுக்கும் எனக்கும் தெரியும். அத வுடுங்க. நான் நிறுத்துனதுக்கு அப்புறம் இதுதானா? அத மட்டும் சொல்லுங்க. கமால் வாங்கித் தாறேங்கிறாரு."

முன்னறையில் கனகசுந்தரமும் கந்தோர்க்காரர் இருவரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு திரைச்சீலைதான். தம்பியின் சிரிப்பு ஒருகணம் நின்றதைத் தவமணி கேட்டாள்.

"ஓம். இதுதான்" என்றாள்.

சொன்னதோடு நிற்கவில்லை. எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்து பழகாதவள். தண்ணீரை எப்படிக் கொதிக்கவைப்பது, எத்தனை கரண்டி, கிண்ணத்தை எப்படிக் கழுவுவது என்றெல்லாம் விரல் மடித்துச் சொன்னாள். ஏஜெண்டு விட்டுப்போன பெட்டியிலிருந்து இரண்டு டின்னும் எடுத்துக் கொடுத்தாள். ஜன்னத் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

அந்த இரண்டு டின்னும் எத்தனை நாளைக்கு? அவை முடிந்ததும் கமால் கடையில் அதேபோலிருந்த, விலை குறைந்த டின்னை வாங்கினான். ஆடை எடுத்துவிட்டுச் சீனி கொட்டிய பால் அது. கைக்குழந்தைக்கு ஆகாது என்று அடியில் பொடி எழுத்தில் இங்கிலீஷில் போட்டிருந்தது. கமாலுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும்.

ஆறு மாதம் கழித்து, ஒரு மத்தியானம், கமால் பின்கதவில் வந்து நின்றான். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை.

"ஜன்னத்து ஒங்கள வரச் சொல்லுது" என்றான். அவ்வளவுதான்.

தவமணி ஒரு பப்பாளித் துண்டை அவித்தது போல மெத்தென்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்து, விரலளவில் நாலு துண்டாக வெட்டிக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போனாள். சூலியா தெரு மாடியறையில் நோர்மா பாயில் இருந்தாள். கன்னம் ஊதிப் பார்வைக்குக் கொழுத்த பிள்ளைதான். கருவிழி இரண்டும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துக் கிடந்தன. தவமணி பப்பாளியை நீட்டினாள். பிள்ளை கை நீட்டவில்லை. துண்டு விரலில் பட்ட பிறகுதான் பிடித்தது.

"மொதல்ல வெளக்கப் பாக்கல" என்றாள் ஜன்னத். "தூக்கக் கலக்கம்னு நெனச்சேன். அப்புறம் மீன் செதிள் மாதிரி கண்ணு காஞ்சிச்சு. ஆஸ்பத்திரில பாத்துட்டு, பால்ல சத்தே இல்ல, ரெண்டு மாசம் முந்திக் கொண்டாந்திருந்தா கண்ணு பொழச்சிருக்கும்னாங்க. ஒங்க புள்ளைக்கு மட்டும் எப்படிக்கா ஒண்ணும் ஆவல?"

தவமணி சுவரைப் பார்த்துச் சொன்னாள். "அவன் அதைக் குடிக்கேல்லை, ஜன்னத். ஒருநாளும் குடிக்கேல்லை. நான் கிழங்கும் மீனும் முட்டையும் குடுத்துத்தான் வளத்தனான். அண்டைக்குத் தம்பி பக்கத்தில இருந்தவன்…"

 ஜன்னத் பிள்ளையின் வாயிலிருந்து வழிந்த பப்பாளியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கீழ நாலு வீட்ல அந்தப் படத்தப் பாத்துட்டு இதே டின்னுதான் ஓடுது" என்றாள் கடைசியில். "நான் சொன்னா, தலைவிதிக்குப் பால கொற சொல்றாங்குறாளுவ. படத்துல இருக்குறது ஒங்க புள்ள. நீங்க வந்து சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

தவமணி எழுந்தாள். ஜன்னத் நோர்மாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு முன்னே படியிறங்கினாள்.

முதல் வீடு ஷரீஃபாவுடையது. நாலு மாதப் பிள்ளை மடியில் கிடந்தது, டின் ஜன்னலில் இருந்தது. தவமணி வாசலில் நின்று சொன்னாள்: படம் பொய், தாயில்லாப் பிள்ளையைக் கிழங்கும் மீனும் கொடுத்து வளர்த்தது நான், கடிதம் பொய், எழுதினது என் தம்பி. அவளுடைய ஆயுளில் தம்பியைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை அவள் சொன்னதில்லை. ஷரீஃபா டின்னையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"நல்லாருக்கே கதை! கிழங்கு மீனெல்லாம் பல்லு மொளச்ச பெறகுதானே? தாயில்லாப் புள்ளன்னு சொல்றீங்க. அதுவரைக்கும் என்னாத்தக் குடிச்சிச்சாம்? காத்தயா?"

பக்கத்து வாசல்களில் இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஜன்னத் தவமணியின் முகத்தைப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இல்லை, காத்திருந்தாள்.

தவமணிக்குக் கோயில் வாசலில் நிற்கும் கிளார்க்கு மனைவிமாரின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. குலநாயகத்துக்கு நாளைக்கு ஒரு கல்யாணப் பேச்சு வரும். அப்போது எழும்புகிற வாய்களை எந்த உலைமூடி போட்டு மூடுவது?

"ஆட்டுப்பால்" என்றாள்.

ஜன்னத் நோர்மாவை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினாள். திரும்பிப் படியேறினாள். மேலே கதவு மெதுவாகத்தான் சாத்தப்பட்டது.

மற்ற மூன்று வீடுகளுக்கும் தவமணி தனியே போனாள். எல்லா வீட்டிலும் அதே கேள்வியைக் கேட்டார்கள். எல்லா வீட்டிலும் அதே பதிலைச் சொன்னாள்.