தட்டில்லாத கிறிஸ்துமஸ்

சித்தூரில் எங்கள் தெருவில் கிறிஸ்துமஸ் பலகாரம் தட்டில்தான் போகும். அச்சுமுறுக்கு, கல்கல், சோமாசு மூன்றையும் எவர்சில்வர் தட்டில் அடுக்கி, அம்மா பின்னிய லேஸ் துணியைப் போர்த்தி, வீடு வீடாகக் கொண்டுபோவது என் வேலை. வாங்கிய வீட்டார் தட்டை உடனே தரமாட்டார்கள். வெறும் தட்டைத் திருப்பக் கூடாது அல்லவா? சங்கராந்தி வரைக்கும் வைத்திருந்து, தங்கள் பலகாரத்தை அதில் நிரப்பித்தான் அனுப்புவார்கள். அதுவரை மிச்சமிருக்கும் தட்டுகளில் நாங்கள் முறைபோட்டுச் சாப்பிடுவோம். ஒன்றிரண்டு காணாமலும் போகும், அம்மா புலம்புவாள்.

எதிர்வீட்டுத் தெலுங்குக்காரம்மாவை அம்மா வதினா என்று கூப்பிடுவாள். தெலுங்கில் அண்ணி. கூடப் பிறந்தவர்கள்கூட அப்படி ஒட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். தெருக்குழாயில் யார் குடம் முதலில் என்று ஒரு நாள் வாய்த்தகராறு வந்து, இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. அற்பச் சண்டை, வீம்பு மட்டும் மலையளவு. ஆனாலும் கிறிஸ்துமசுக்கு எங்கள் தட்டு அங்கே போனது. சங்கராந்திக்கு, அரிசெலு என்று அவர்கள் சொல்லும் அதிரசத்தோடு திரும்பி வந்தது. பேசாமலே இரண்டு வருஷம் இப்படி ஓடியது. அந்தத் தட்டு வரும் நாளில் அம்மா யாரையும் திட்டமாட்டாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில், திருப்பதியில் வேலை பார்த்த அக்கா, மணிப்படம் போட்ட சிவப்பு பிளாஸ்டிக் கவர்கள் ஒரு கட்டு வாங்கி வந்தாள். தட்டும் தொலையாது, கழுவவும் வேண்டாம் என்றாள். அம்மாவுக்கு வாயெல்லாம் பல். தெரு முழுக்க ஒரே நடையில் கொடுத்து முடித்துவிட்டேன். மறுநாள் பார்த்தால் சாக்கடை சிவப்பாகக் கிடந்தது. ஒரு கன்றுக்குட்டி கவரை மென்றுகொண்டிருந்தது. அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனா அதன் வாய்க்குள் கையை விட்டு இழுத்தெடுத்து, அக்காவை முறைத்தார்.

சங்கராந்தி வந்தது. பேச்சுவார்த்தை உள்ள வீடுகள் தங்கள் தட்டிலேயே வைத்துப் பலகாரம் அனுப்பின. எதிர்வீட்டு வெல்லப்பாகு வாசனை தெருவைத் தூக்கியது. அங்கிருந்து மட்டும் யாரும் வரவில்லை. அம்மா காரணமில்லாமல் வாசலுக்கு வருவதும் உள்ளே போவதுமாக இருந்தாள். பொழுது சாய்ந்ததும், மிச்சமிருந்த ஒட்டுறவும் அறுந்துபோனது என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு வதினா மேல் ஆத்திரமாக வந்தது. நைனாதான் கேட்டார்.

"திருப்பிக் குடுக்க அவங்க கையில உன்னுது என்னா கீது?"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். நல்ல நாளும் அதுவுமாக வெறும் தட்டோடு ஒரு வீட்டுப் படி ஏறுவதா என்று எனக்கு உயிரே போனது. பின்னாலேயே ஓடினேன்.

வதினா கதவைத் திறந்தாள். அம்மா தட்டை நீட்டினாள்.

"கவர்ல அனுப்பிச்சது தப்பு வதினா. தட்டு எடுத்துக்கினு வந்துருக்கேன்."

வதினா தட்டின் விளிம்பைத் தொட்டாள்.

"கவர் வந்ததும், நீ இனிமே எங்க வீட்டுப் பண்டம் வேணாம்னு சொல்லாம சொல்லிட்டன்னு நெனச்சேன். தட்டு இருந்தா அதச் சாக்கு வெச்சி அனுப்பிச்சிருப்பேன். அது கூட இல்லாம எப்பிடி அனுப்பறது?"

சொல்லி முடிப்பதற்குள் முந்தானையால் கண்ணை ஒற்றினாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் முன்பு அவள்மேல் ஆத்திரப்பட்டவள் நான், இப்போது எனக்கும் அழுகை முட்டியது.

வதினா தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அரிசெலு குவித்த தட்டோடு திரும்பி வந்தாள். ஆனால் அது எங்கள் தட்டு இல்லை. அம்மா எங்களுடையது எங்கே என்று கேட்டாள்.

"உண்டனி, இருக்கட்டும் வுடு. உன்னுது இங்கயே இருக்கட்டும்," என்றாள் வதினா. "என்னுது உங்கிட்ட இருக்கட்டும்."