வெட்டியது நான்

கிளிநொச்சிப் பக்கம் ஒரு டிஸ்பென்சரியில் அப்போதிக்கரியாக, அதாவது டாக்டருக்கு அடுத்த படியில் மருந்து கொடுப்பவனாக, இருந்தேன். அறுவடைக்காலம். புடையன் பாம்பு கடித்த ஒருவரை விஷகடிக்கு நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியே வண்டியில் கொண்டுவந்தார்.

“பல்லு முரசால ரத்தம் கசியுது. கடிவாயை வெட்டாதேங்கோ, ரத்தம் நிக்காது. பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புங்கோ, விஷத்தை முறிக்கிற ஊசி அங்கைதான்.”

பரியாரியிடம் நான் பாடம் கேட்பதா? நான் படித்திருந்த முறைப்படியே கடிவாயைக் கீறினேன். இரத்தம் நிற்கவில்லை. பெரியாஸ்பத்திரிக்கு லொறியில் நானும் கூடப் போனேன்; வழி முழுவதும் பரியாரி தன் சால்வையால் காயத்தை அழுத்திப் பிடித்திருந்தார்.

அங்கே டாக்டர் காயத்தைப் பார்த்தார். பிறகு பரியாரியின் திருநீற்றைப் பார்த்தார்.

“உம்மைப் போல ஆக்களாலதான் சனம் சாகுது. ஏன் காணும் வெட்டினீர்?”

பரியாரி என்னைப் பார்த்தார். நான் குனிந்து காயத்தின் மேல் சால்வையை அழுத்தினேன்.

“பிழைதான் ஐயா. முதல்ல ஊசியைப் போடுங்கோ.”

கடிபட்டவர் பிழைத்துக்கொண்டார். எனக்கு விழவேண்டிய ஏச்சு அது. இன்றுவரை விழவில்லை.