மாப்பிள்ளை வாட்சுக்கு மாற்று மிஷின்

என் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, மாப்பிள்ளைக்கு என்ன வாட்ச் எடுப்பது என்று வீட்டில் பேச்சு வந்தது. எங்கள் குடும்பத்தில் நிச்சயத்தன்று பெண்ணின் அப்பாதான் மாப்பிள்ளை கையில் வாட்ச் கட்டிவிட வேண்டும். அதற்கு முன்னால் வேறு யாரும் அதைக் கட்டிப் பார்க்கவே கூடாது. வாங்கிய நாளிலிருந்து சாமி காலடியில் தட்டில் இருக்க வேண்டும். என் மாமனாரும் எனக்கு அப்படித்தான் செய்தார்.

“ஒரு பேட்டரி வாட்சு எடுத்தா முடிஞ்சுது. வருஷம் பூரா ஓடும்” என்றாள் என் மனைவி.

மகள் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள். “அவரு எதுவும் கேக்கலப்பா. ஆனா பேட்டரி இல்லாம ஓடுற வாட்சுன்னா அவருக்கு உயிரு. சும்மா சொன்னேன் லா.”

எந்த மகள் இப்படிச் சும்மா சொல்வாள்? எனக்குப் படிப்பு கம்மி. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், இடைநிலைப் பள்ளியில் மூன்று வருடம், அவ்வளவுதான். ஆனால் காஹாங் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் இருபது வருடத்துக்கு மேல் பாய்லர் பார்க்கிறேன். மிஷின் விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று ஒரு நினைப்பு. “நல்ல மிஷினா பாத்து நானே எடுக்கிறேன்” என்று சொல்லிவிட்டேன்.

குளுவாங் டவுனில் எனக்குத் தெரிந்த வாட்ச் கடை பாய் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய், என் வசதிக்கு ஏற்ற மாதிரி நீல முகம் வைத்த ஒரு வாட்ச் எடுத்தேன். பின்பக்கம் கண்ணாடி. உள்ளே ஜப்பான் மிஷின். அரை வட்டத் தகடு ஒன்று கை அசைய அசையச் சுற்றும், அதில்தான் வாட்சுக்குச் சக்தி ஏறும். எனக்குப் பார்க்கப் பார்க்க ஆசை. வியாழக்கிழமை மாலை விளக்கேற்றி, மஞ்சள் துணி விரித்த தட்டில் முருகன் காலடியில் வைத்தேன். மனம் நிறைந்திருந்தது.

சனிக்கிழமை வேலை முடிந்து வந்தால் மனைவி வாசலிலேயே நிற்கிறாள்.

“என்னங்க, வாட்சு நின்னுபோச்சு.”

“நிக்காதே.”

“ஒம்பது இருபதுக்கு நின்னுருக்கு. சனிக்கிழமை ஒம்பதுல இருந்து பத்தரை ராகுகாலம்.”

எனக்கும் பயம்தான். காட்டிக்கொள்ளவில்லை. பயத்துக்குக் காரணம், மாப்பிள்ளையின் அத்தை. தாயில்லாப் பிள்ளையான அவரை வளர்த்து ஆளாக்கியவர். பெண் பார்க்க வந்த அன்றே எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, “அஞ்சு நிமிஷம் பின்னால போகுதே” என்று சொன்னவர். நின்றுபோன வாட்சை நான் மேடையில் மாப்பிள்ளைக்குக் கட்டினால் அந்த அம்மா என்ன சொல்லுவார்? என் மகள் அந்த வீட்டில்தான் வாழப்போகிறாள். முதல் நாளே அவளுக்கு அபசகுனம் என்று பெயர் வந்துவிடும்.

பாய்க்குப் போன் செய்தேன்.

“கையில கட்டுங்கண்ணே, ஓடும்” என்றார்.

“மாப்பிள்ளைக்கு முன்னால யாரும் கட்டக் கூடாது பாய்.”

“அலமாக்! அப்ப ஆட்டுங்க.”

சாமி காலடியில் வைத்த பொருளை எடுத்துக் குலுக்க எனக்கு மனசு வரவில்லை. மகள் ஒரு யோசனை சொன்னாள். “முருகனுக்குப் பன்னிரண்டு கை இருக்குல்ல. ஒன்னுல கட்டி விடுங்கப்பா.” அம்மாவிடம் முதுகில் ஒன்று வாங்கிக்கொண்டாள். கடைசியில் எனக்கே ஒன்று தோன்றியது. தட்டோடு தூக்கி முருகனுக்கு ஆரத்தி மாதிரி சுற்றினால் வாட்சும் ஆடும், மரியாதையும் கெடாது. காலையில் நூற்றெட்டு, மாலையில் நூற்றெட்டு. நாலாம் நாள் எதிர்வீட்டு அக்கா பூவோடு வந்து நின்றார். “தம்பி, என்ன வேண்டுதல்? நானும் கும்பிட்டுக்கிறேன்.” தட்டில் சூடம் இல்லை, வாட்ச்தான் இருந்தது. அவர் அதையே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். எனக்குத் தோள்பட்டை கழன்றுவிட்டது. வாட்ச் மட்டும் ஒரு பொழுது ஓடும், மறு பொழுது நிற்கும்.

சரி, மிஷினில்தான் கோளாறு என்று முடிவு செய்தேன். தேங்காய் உடைத்து முருகனிடம் உத்தரவு வாங்கி, வாட்சை மஞ்சள் துணியில் சுற்றி மோட்டார் சைக்கிளின் முன்கூடையில் வைத்துக்கொண்டு குளுவாங் போனேன். செம்பனை லாரிகள் ஓடி ஓடிப் பள்ளமாகிப்போன சாலை அது. கடையில் துணியைப் பிரித்து, “பாருங்க பாய், நிக்குது” என்றேன்.

பாய் பார்த்தார். என்னைப் பார்த்தார். “ஓடுதேண்ணே.”

ஓடியது. பள்ளங்கள் செய்த வேலை. முருகனுக்கு நான் செய்த இத்தனை ஆரத்திக்கு இறங்காத மிஷின், சாலைப் பள்ளத்துக்கு இறங்கிவிட்டது.

“இது திருகுனா சக்தி ஏறாத மிஷின்ணே. கையில கட்டுறவனுக்குத்தான் சரி” என்று பாய் நாற்காலியை இழுத்துப் போட்டார். “ஒங்களுக்கு மாத்து மிஷின் போட்டுடலாம். வாங்க, பாருங்க.”

வெள்ளைத்தாளில் மூன்று மிஷின்களை வைத்தார். ஒவ்வொன்றும் ஐம்பது காசு நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிசு.

முதலாவதைக் காதருகே வைத்து ஆட்டினேன். கர்ர்ர் என்று சத்தம். “பாய், இதுல பேரிங் போச்சு.”

“போகலண்ணே. அது ஒரு பக்கம் சுத்துனாத்தான் சக்தி ஏறும். மறு பக்கம் சும்மா சுத்தும். அந்தச் சத்தம்தான் அது. இதுவும் ஜப்பான்தான், நல்ல மிஷின்.”

“எங்க ஆலையில இப்படிச் சத்தம் கேட்டா நாங்க பம்பை நிறுத்திருவோம்.”

இரண்டாவது சீனாவில் செய்தது, சுவிஸ் மிஷினைப் பார்த்துச் செய்ததாம். மெலிசு. நொடி முள் வெண்ணெயில் வழுக்குகிற மாதிரி போகும் என்றார். மனசு அதில் ஒட்டிக்கொண்டது. ஆனால் முள்ளின் ஓட்டை வேறு அளவு, முகத்தட்டும் பொருந்தாது, எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் மாற்றினால் முருகன் காலடியில் இருந்த வாட்ச் எங்கே போகும்?

மூன்றாவது, என் வாட்சில் இருந்த மிஷினுக்கே தம்பி மாதிரி. அதே அளவு, அதே முள். பக்கத்துத் திருகைத் திருகினாலே சக்தி ஏறும். கொஞ்சம் தடிமன், அழகும் சுமார்தான்.

“அழகு வேணுமா, ஓடணுமா?” என்றார் பாய்.

“ஓடணும் பாய். எம்பொண்ணு சமாச்சாரம்.”

பாய் மூன்றாவதை எடுத்துத் தனியாக வைத்தார். தொழுகைக்குப் போய் வந்து, கை கழுவிவிட்டு உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தார்.

அதன் பிறகு தினமும் குளித்துத் திருநீறு பூசி, ஒரு திருகுக்கு ஒரு ‘முருகா’ என்று இருபத்தைந்து முருகா சொல்வேன். வாட்ச் ஒரு நாளும் நிற்கவில்லை. மனைவிகூட, “பரவால்ல, பாய்லர்காரரு” என்றாள்.

நிச்சயத்தன்று காலை கோயில் மண்டபத்தில் எனக்கு ஒரு கூடுதல் ஆசை வந்தது. இந்த மிஷினில் இன்னொரு வசதியும் உண்டு. திருகை வெளியே இழுத்தால் நொடி முள் அப்படியே நிற்கும், நேரம் பார்த்து உள்ளே தள்ளினால் நொடி சுத்தமாக மணி வைக்கலாம். அத்தை ஒரு நிமிடம்கூடக் குறை சொல்லக் கூடாது. திருகை இழுத்துவிட்டு, கைப்பேசியில் முள் நிற்கிற அதே நொடி வரக் காத்திருக்கிறேன், “மாப்பிள்ளை வீடு வந்தாச்சு!” என்று ஒரே சத்தம். மனைவி தட்டைப் பிடுங்கி வாட்சின் மேல் துணியைப் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மேடையில் மாப்பிள்ளை கையை நீட்டினார். வாரை மாட்டும்போதுதான் பார்த்தேன். முள் அசையவில்லை. திருகு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. மண்டபத்து மணி பத்தே கால், வாட்சில் ஒன்பதரை. எனக்கு வாரின் ஓட்டையே கண்ணுக்குத் தெரியவில்லை. அத்தை எட்டிப் பார்த்துவிட்டார்.

“என்னங்க சம்பந்தி, மணி தப்பா இருக்கே?”

மாப்பிள்ளை வாட்சைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். நிதானமாகச் சொன்னார். “தெரியாதா அத்தை? மொத மணியை மாப்பிள்ளைதான் வைக்கணும். அது முறை. அதான் மாமா திருகை இழுத்தே குடுத்திருக்காரு.” முள்ளை நகர்த்திப் பத்தே காலுக்கு வைத்து, திருகை உள்ளே தள்ளினார். முள் ஓடியது.

அப்படி ஒரு முறை உலகத்தில் எங்கேயும் கிடையாது. ஆனால் முறை தெரியாதவர் என்று பெயர் வாங்க அத்தைக்கு மனசு வருமா? “தெரியாம என்ன? எங்க பக்கமும் அதேதான்” என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த மாப்பிள்ளையிடம் ஆரத்தி, பள்ளம், பாய் எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்ததில் அவருக்கு ரசம் மூக்கில் ஏறிவிட்டது. சாமி முன்னால் பொய் சொல்ல வைத்துவிட்டேனே என்று எனக்குத்தான் உறுத்தியது. வீட்டுக்கு வந்ததும் இரண்டு பேருக்கும் சேர்த்து நானே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

கேட்டது போதவில்லை போலிருக்கிறது. போன மாதம் அவர்கள் உறவில் ஒரு நிச்சயத்துக்குச் சாஆ என்ற ஊருக்குப் போயிருந்தோம். பெண்ணின் அப்பா பாவம், பேட்டரி வாட்சை எடுத்துக்கொண்டு மேடை ஏறினார். அத்தை அவரைப் பாதி வழியில் நிறுத்தினார்.

“திருகை இழுத்துட்டீங்களா? மொத மணியை மாப்பிள்ளைதான் வைக்கணும். தெரியலன்னா” என்று என் பக்கம் கையைக் காட்டி, “அந்தச் சம்பந்தியைக் கேளுங்க, அவருக்கு முறையெல்லாம் அத்துப்படி” என்றார்.

அந்த மனிதர் வாட்சோடு என்னிடம் வந்து நின்றார். நான் முருகனை நினைத்துக்கொண்டு திருகை இழுத்துக் கொடுத்தேன்.