மூன்றாம் கூண்டும் நான்காம் கூண்டும்

வீரம்மா எலியை ஒரு துணிக்குள் சுருட்டிப் பிடித்து, வால் நுனியில் ஊசியால் ஒரு குத்துக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைச் சோதனைப் பட்டையில் ஏற்றினாள். எலி திமிறவில்லை. பதினாறு வயதில் செமோர் ரப்பர்த் தோட்டத்தில் பாலுக்கு மரம் வெட்டப் போனவள் அவள். மரப்பட்டையைத் தாண்டிக் கட்டையைக் கீறாத கை. பதினோரு வருடமாக ஈப்போ ஆய்வுக்கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்வதும் அதே கைதான். அவள் அம்மாவுக்குச் சர்க்கரை வியாதியில் ஒரு கால் போனது. நாலு வருடம் புண்ணைக் கழுவிக் கட்டியவள் வீரம்மா.

இங்கே எல்லா எலிகளுக்கும் சர்க்கரை உண்டு, கொழுப்பும் உண்டு. பாதிக்குச் சிறியாநங்கைச் சாறு, பாதிக்கு வெறும் தண்ணீர். எட்டு வாரச் சோதனையில் இது ஏழாவது வாரம். சாறு குடித்தவற்றின் ரத்தச் சர்க்கரை, மில்லிமோல் கணக்கில், பதினொன்றுக்கு இறங்கியிருந்தது. இன்று சாறு குடிக்கும் மூன்றாம் கூண்டில் பத்தொன்பது. இப்படியே நின்றால் சாறு பலிக்கவில்லை என்று மூடிவிடுவார்கள்.

ஆய்வை நடத்தும் டாக்டர் முஹ்ஸினா, மருந்து ஏதும் விட்டுப்போனதா என்று மெதுவாகத்தான் கேட்டாள். வீரம்மாவுக்குச் சுருக்கென்றது.

"என் கை தப்பாது டாக்டர்."

பக்கத்தில் தண்ணீர் குடிக்கும் நான்காம் கூண்டைச் சோதித்தாள். அங்கும் ஏறியிருந்தது. இரண்டிலும் அடியில் பரப்பிய உமியைக் கிளறினாள். வெல்லம் ஒட்டிய தேங்காய்ப்பூ.

அன்று விநாயகர் சதுர்த்தி. காவலர் அப்பாவு விடியலிலேயே புந்தோங் கோயிலுக்குப் போய்விட்டு வேலைக்கு வந்திருந்தார். இரவு கூண்டுகளிலிருந்து தீனியை எடுத்துவிட்டது சோதனைக்காக என்று அவருக்குத் தெரியாது. கதவோரம் இருந்த இரண்டு கூண்டிலும் கொழுக்கட்டை போட்டதை அவர் மறைக்கவில்லை.

"பிள்ளையார் வாகனம்லா. இன்னிக்குப் போயி பட்டினி போடலாமா?"

"வாகனத்துக்குச் சீனி வியாதிண்ணே. வீட்டுல அக்காவுக்கு ஊசி போட்டுட்டுப் பாயசம் ஊத்துவீங்களா?"

மனைவியின் இன்சுலின் ஊசி நினைவுக்கு வர, அப்பாவு தலையைச் சொறிந்தார்.

முஹ்ஸினாவுக்கு மூச்சு வந்தது. மூன்றாம் கூண்டின் இன்றைய கணக்கைத் தள்ளிவிடலாம் என்றாள். வீரம்மா பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"நாலாவதும் தின்னுருக்கு. தள்ளுனா ரெண்டையும் தள்ளுங்க. ஒன்ன மட்டும் தள்ளுனா, மருந்துக்கு நாமளே பேர் வாங்கிக் குடுத்த மாதிரி இருக்கும்."

முஹ்ஸினா தன் பேனாவை நீட்டினாள். "நீங்களே எழுதுங்கக்கா. கண்டுபிடிச்சது யாருன்னு பேரும் போடுங்க," என்றாள்.

கொழுக்கட்டை, கூண்டு எண், நேரம், ஏறிய அளவு, எதையும் விடாமல் வீரம்மா எழுதினாள். அடியில் முழுப் பெயர். இதுவரை அந்தப் பதிவேட்டில் அவள் வெறும் கையெழுத்துதான். உமியை மாற்றி, இரவு மறுபடி தீனியை எடுத்தாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு இரண்டு கூண்டையும் திரும்பச் சோதித்தாள். தண்ணீர் குடித்தவை இருபத்திரண்டு. சாறு குடித்தவை பதினொன்று. முதல் நாள் கணக்கை அடிக்காமல், அதன் கீழேயே இதையும் எழுதினாள். பிறகு 'பிரசாதம் போடக் கூடாது' என்று தமிழில் பெரிதாக எழுதிக் கதவில் ஒட்டினாள். ஒட்டுநாடாவைக் கிழித்துக் கொடுத்தது அப்பாவுதான்.