அத்தை மூடிய பக்கம்

நேற்று வெள்ளிக்கிழமை, கள்ளக்குறிச்சித் தியேட்டரில் மதியக் காட்சி. பழைய நாவல் ஒன்றைப் படமாக்கியிருந்தார்கள். அதன் முடிவு எனக்குத் தெரியும் என்ற நினைப்பில்தான் போனேன். திரையில் வயதுக்கு வந்த பெண்ணைப் பச்சை ஓலைக் குடிசையில் உட்காரவைத்தார்கள்.

தியாகதுருகத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையிலும் அப்படி ஒரு குடிசையில் பதினாறு நாள் இருந்தேன். வாசலுக்குக் குறுக்கே உலக்கை. வெளியே வந்ததும் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடுவதென்று அப்பா முடிவு செய்திருந்தார். நூலகத்திலிருந்து எடுத்து வந்து பாதி படித்திருந்த இதே நாவலையும் தொடக்கூடாது; தீட்டு.

காவலிருந்த அத்தைக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் கதைப் பைத்தியம். பதினோராம் நாள் அவளே புத்தகத்தை உலக்கைக்கு அப்பால் விரித்துப் பிடித்தாள், தலைகீழாக.

“திருப்பிப் புடி அத்தே.”

“எப்டிப் புடிச்சாலும் எறும்பு ஊந்துகினு போற மாதிரிதான்டி கீது. படி, அந்தப் பொண்ணு இன்னா ஆனா?”

பதினைந்தாம் நாள், கதையில் அந்தப் பெண் வாசற்படியைத் தாண்டக் காலைத் தூக்கினாள். அத்தை பட்டென்று மூடினாள்.

“போதும். வூட்ட வுட்டுப் போறவ கத உனுக்கு இன்னாத்துக்கு?”

புத்தகம் நூலகத்துக்குத் திரும்பிவிட்டது. கதையில் வந்த பெண் வீட்டைவிட்டுப் போய்விட்டாள் என்றே நான் நம்பினேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய மறுநாள், அவள் போன தைரியத்தில், அப்பா பார்த்திருக்கவே பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு நடந்தேன்.

நேற்றுத் திரையில் அவள் காலைப் பின்னுக்கு இழுத்துக் கதவைத் தானே சாத்திக்கொண்டாள். இன்று காலை நூலகத்தில் நாவலை எடுத்துச் சரிபார்த்தேன். அடுத்த பக்கத்திலேயே அப்படித்தான் இருக்கிறது.

அத்தை இன்னும் ஒரு பக்கம் பிடித்திருந்தால், நானும் சாத்திக்கொண்டிருப்பேன்.