மணலை இறங்கிய வாரம்

மாரியின் முதல் பெருமழைக்குப் பிறகு கடலை ஒட்டிய களப்பு நீரேறி வயிறு முட்டிக் கிடக்கும். ஊரார் மண்வெட்டியோடு போய் முகத்துவாரத்து மணல்மேட்டைக் கீறிவிடுவார்கள். கீறல் வாய்க்காலாகி, வாய்க்கால் கரையைக் கடித்துக் கடித்து விழுங்கி, தண்ணீர் குடாவுக்குள் பாயும். அந்தப் பாய்ச்சலுக்காகத்தான் சினை மணலை மீன்கள் காத்திருக்கும். அவை முட்டையிடுவது கடலில். இப்போது கடலுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் பிறகு களப்பில் குஞ்சு.

அவற்றை எண்ணுவது என் வேலை. பாலையூற்றிலிருந்து ஸ்கூட்டியில் வந்து, குறிஞ்சாக்கேணிக்கு அப்பால் கண்ணா மரக் கம்புகளால் கட்டிய பரணில் ஏறிவிடுவேன். கீழே இடுப்பளவு தண்ணீரில், வெள்ளைப் பெயின்ற் அடித்த பலகைகளைக் கல் கட்டித் தாழ்த்தியிருந்தோம். வெள்ளைக்கு மேலால் கறுப்பாய் ஓடுவதெல்லாம் மீன். இருபதுக்கு ஒரு கோடு, கொப்பியில்.

பரணுக்கும் கடல்வாய்க்கும் இடையில் ஐந்து வலைகள். கூட்டம் பலகையைக் கடந்ததும் நான் சிவப்புக் குடையைத் தூக்க வேண்டும். ஐவரும் வலையைத் தூக்கி வழிவிட வேண்டும். மீனவர் சங்கத்தில் பேசி முடித்த ஏற்பாடு. முதல் வலை, பலகைகளை என்னோடு நின்று தாழ்த்திய கிண்ணியா நானாவுடையது. எல்லாருக்கும் நான் ‘மிஸ்’. எங்கள் வீட்டுக் கோழிகளையும் எண்ணித் தருவீர்களா என்று நாள்தோறும் ஒருவராவது கேட்பார்.

மூன்றாம் நாள் காலை குடையைத் தூக்கினேன். வலைகள் எழுந்தன. குடாப் பக்கமிருந்து ஒரு பைபர் போட் நேரே வாய்க்காலுக்குள் ஏறி வந்தது. முன் அணியத்தில் நின்றவன் வெடியொன்றை வீசினான். தண்ணீர் எழுந்து நின்றது. அப்புறம்தான் சத்தம் வந்தது. பரண் என்னைத் தூக்கிப் போட்டுப் பிடித்தது. பலகைகள் பிளந்து மிதந்தன. அவற்றோடு மணலைகள், வெள்ளை வயிறு மேலே, வெடித்த வயிறுகளிலிருந்து மஞ்சள் சினை மணலாய்க் கரைந்து கரைந்து. சில இன்னும் வாலை அடித்தன, தலையறுத்த கோழி சிறகடிப்பதுபோல.

நானா பாய்ந்து போட்டின் விளிம்பைப் பிடித்தார். துடுப்பால் அவர் காதோடு சேர்த்து அறைந்தார்கள். அவர் தண்ணீருக்குள் போனார், எழுந்தார், மறுபடி பிடித்தார். மறுபடி அறைந்தார்கள். அள்ளக்கூடியதை அள்ளிக்கொண்டு போனார்கள்.

கரையில் குந்தியிருந்து காதைப் பொத்திக்கொண்டு நானா சொன்னார்:

“மிஸ், மீன் எங்க வருதெண்டு அவனுகளுக்குத் தெரியா. நாமதான் குடையத் தூக்கிச் சொல்லிக் குடுத்திருக்கம்.”

மிச்சமிருந்த பலகைகளைப் பின்னேரமே திரும்பத் தாழ்த்தினோம். விடிந்தபோது அதே போட் முகத்துவார முனைக்கு வெளியே, எஞ்சினை அணைக்காமல், நாய் இளைப்பதுபோல இளைத்துக்கொண்டு கிடந்தது. குடையைத் தூக்கினால் வெடி. தூக்காவிட்டால் ஐந்து வலை. இதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே பலகைகள் கறுத்தன. அவ்வளவு பெரிய கூட்டத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. வெள்ளை மறைந்தே போனது. கோடு போடக் கை வரவில்லை.

குடையைப் பரணிலேயே போட்டுவிட்டு இறங்கி ஓடினேன். நானாவின் நல்ல காதில் சொன்னேன். பாசி உதறுபவர்போல, போட்டைப் பார்க்காமலே, வலையை உயர்த்தினார். இரண்டாமவரும் அப்படியே. மூன்று. நான்கு. எனக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள் கூட்டமும் ஓடியது. அது என்னை முந்தியது.

ஐந்தாம் வலைக்காரருக்கு நான் போய்ச் சேர முன்னரே மீன் முட்டத் தொடங்கிவிட்டது. வலை உடம்பு முழுக்கத் துடித்தது. முன் வரிசையை அவர் இழுத்தெடுத்து, பொல்லால் மண்டையில் அடித்துப் பெட்டிக்குள் எறிந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு அடிக்கும் சினை பீறிட்டு அவர் முகத்தில் தெறித்தது. தூக்கச் சொன்னேன். குடை எங்கே என்று கேட்டார். குடை இல்லாமல் தூக்குவதாகத் தான் சங்கத்தில் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை.

பலகைக் கயிறு அறுக்கும் கத்தி இடுப்பில் இருந்தது. வலையைப் பிடித்தேன்.

“கையை எடுங்கோ மிஸ். எடுக்காட்டி அடிப்பன்.”

எடுக்கவில்லை. அடித்தார். கன்னத்து எலும்பில் மின்னல் விழுந்தது. வாய்க்குள் உப்பும் இரத்தமும். கத்தி மட்டும் நிற்கவில்லை. மேற்கயிற்றிலிருந்து கீழ்வரை கிழித்தேன். துவாரத்தால் மீன் பீறிட்டது. என் தொடைகளில் மோதி, இடித்து, என்னைத் தண்ணீரில் தள்ளிவிட்டு, போனது. போட்டுக்கு விளங்கியபோது கூட்டம் குடாவில் சிதறிவிட்டது. கோபத்துக்கு ஒரு வெடி போட்டார்கள். வெறுந்தண்ணீர் எழுந்து விழுந்தது.

இந்தக் கரையில் வலையை அறுத்தவர்தான் அதைத் தைக்க வேண்டும், வலைக்காரரின் வீட்டு முற்றத்திலேயே இருந்து. பொலிஸ் கிலிஸ் என்று யாரும் கதைக்கவில்லை. மறுநாள் நான் போனேன். அவர் நைலோன் நூலையும் ஊசியையும் என் மடியில் போட்டுவிட்டு, எதிரே கதிரையில் கால்மேல் கால் போட்டு இருந்தார்.

“எண்ணி எண்ணி முடியுங்கோ. எண்ணுறதில கெட்டிக்காரியெல்லோ.”

மூன்று நாள் தைத்தேன். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. முதல் நாள் மத்தியானம் அவர் மனைவி சோற்றோடு பொரித்த சினை கொண்டுவந்து வைத்தாள். வலை கிழிய முன் அகப்பட்டவற்றின் சினை. அவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாடையை அசைக்க முடியவில்லை. நாக்கால் மேலண்ணத்தில் வைத்து நசித்து நசித்து, எல்லாவற்றையும் தின்றேன்.