லேப்பில் வேலை பார்க்காதவள் கும்மிடிப்பூண்டிக்குப் போன கதை

இந்த வலைப்பூவில் நான் இதுவரை எழுதியதெல்லாம் ஜெர்மனியில் குறைந்த செலவில் எங்கே போகலாம், எந்த ரயில் சீட்டு மலிவு, எந்த ஊரில் கழிப்பறைக்குக் காசு கேட்பார்கள் என்கிற வகைதான். படிப்பவர்களும் என்னைப் போல அங்கே படிக்கப் போனவர்கள், போகப் போகிறவர்கள். "சொந்த ஊரைப் பத்தி எழுத மாட்டீங்களா?" என்று பின்னூட்டத்தில் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மூன்று பேர் என்பது இந்த வலைப்பூவுக்கு மாநாட்டுக் கூட்டம். எனவே இந்த முறை திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டி.

செமஸ்டர் விடுமுறையில் ஐந்து வாரம் திருவள்ளூரை ஒட்டிய திருப்பாச்சூரில் எங்கள் வீட்டில் இருந்தேன். அதற்குள் ஆயுத பூஜை வந்தது. என் அப்பா சாலமன் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பைப் இணைப்புகள் செய்யும் ஒரு கம்பெனியில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறார். டிஸ்பேட்ச் பிரிவு. செய்து முடித்த சரக்கைப் பெட்டியில் அடுக்கி, கட்டி, லாரியில் ஏற்றி அனுப்பும் இடம். வருடத்தில் ஆயுத பூஜை அன்று மட்டும்தான் குடும்பத்தாரை உள்ளே விடுவார்கள். பத்தாம் வகுப்புக்குப் பிறகு நான் போகவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற வீட்டுக்கு ஆயுத பூஜையில் என்ன வேலை என்று கேட்கலாம். மெஷினுக்குப் பொட்டு வைக்க, பூசணிக்காய் உடைக்க அங்கே நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் பூஜையில் நின்றுவிட்டால் பொரியை யார் கவரில் போடுவது? அப்பா போடுவார். பதினொரு வருடமாகப் பொரிக் கமிட்டிக்கு அவர்தான் நிரந்தரத் தலைவர். போட்டியிட யாரும் முன்வந்ததில்லை என்பது வேறு விஷயம்.

இந்தப் பயணத்தில் எனக்கு ஒரு பயம் இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் நான் படிக்கும் மக்டேபர்க்கில் பகுதி நேரமாக யுனிவர்சிட்டி லேப்பில் பேராசிரியருக்கு உதவியாக இருப்பதாக வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். உண்மையில் அந்த லேப்பின் கதவைக்கூட நான் தள்ளிப் பார்த்ததில்லை. முதலில் ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்தேன். படுக்கை விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துப் போடப் பத்து நாள் ஆயிற்று. பிறகு ஒரு பஞ்சாபி உணவகத்தில் பாத்திரம் கழுவினேன். மூன்று மாதம் சூப்பர் மார்க்கெட்டில் பால் டப்பா அடுக்கினேன். ஒன்றரை வருடமாக பார்சல் கிடங்கில் வெள்ளி, சனி ஷிஃப்ட். வாடகையும் காப்பீடும் அதில்தான் போகின்றன. வீட்டிலிருந்து ஒரு பைசா வாங்கியதில்லை. இதைப் பெருமையாகத்தான் எழுதுகிறேன். ஆனால் அப்பாவிடம் மட்டும் வாய் வரவில்லை. அவரோ என் லேப்பைக் கம்பெனி முழுக்கத் தண்டோரா போட்டிருந்தார்.

இனி பயணம். கம்பெனி வேன் குடும்பத்தாரை ஏற்றிக்கொண்டு ஒன்பது மணிக்குத்தான் கிளம்பும். பொரிக் கமிட்டித் தலைவர் அதற்கு முன்பே போயாக வேண்டும் என்பதால் நாங்கள் ரயிலில் போனோம். விடிகாலை நாலே முக்காலுக்கு அப்பாவின் மொபெட்டில் கிளம்பி, திருவள்ளூர் ஸ்டேஷன் ஸ்டாண்டில் வண்டியை விட்டோம். நாள் வாடகை இருபது ரூபாய். ஐந்து பத்துக்கு மின்சார ரயில். கும்மிடிப்பூண்டி வரை ஒரே சீட்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஆளுக்கு இருபது ரூபாய். சென்ட்ரல் வரை போய் அலைய வேண்டாம். பேசின் பிரிட்ஜில் இறங்கி, அங்கேயே கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடிக்கலாம். நாங்கள் ஆறு இருபத்தைந்துக்கு இறங்கினோம். அடுத்த ரயில் ஆறு ஐம்பதுக்கு வந்தது. விடுமுறை நாளில் ஞாயிற்றுக்கிழமை அட்டவணைப்படி ஓடும், முதல் நாளே நேரம் பார்த்துவிடுங்கள்.

எண்ணூர் தாண்டியதும் அப்பா என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"இன்னிக்கு ஜி.எம். சாரு வருவாரு. உன் லேப்ப பத்தி கண்டிப்பா கேப்பாரு. பயப்படாம இங்கிலீஷ்ல சொல்லு, இன்னா?"

"தமிழ்லயே சொல்றேனே நைனா."

"தமிழ்ல சொன்னா நானே சொல்லிடுவேனே. நீ எதுக்கு?"

ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

எட்டு ஐந்துக்கு கும்மிடிப்பூண்டி. ஸ்டேஷனுக்கு வெளியே நாஷ்டா, இட்லி வடை, ஆளுக்கு ஐம்பது ரூபாய். சாம்பார் நன்றாக இருந்தது என்று சொல்ல ஆசைதான், சூடாக இருந்தது. தொழிற்பேட்டைக்கு ஷேர் ஆட்டோவில் ஆளுக்கு இருபது ரூபாய், பத்து நிமிடம். மற்ற நாளில் இரும்பு வாடையும் லாரிப் புழுதியும் தான் இந்தச் சாலையின் அடையாளம். அன்று ஒவ்வொரு கேட்டிலும் வாழை மரம், சீரியல் விளக்கு, ஒலிபெருக்கி. ஒரு கம்பெனிப் பாட்டு முடிவதற்குள் அடுத்த கம்பெனிப் பாட்டு மேலே ஏறிக்கொள்கிறது.

உள்ளே டிஸ்பேட்ச் கொட்டகையில் இரண்டு மேஜை, எட்டு மூட்டைப் பொரி. அறுநூற்று நாற்பது கவர் போட வேண்டும். பொரி, பொட்டுக்கடலை, வெல்லம், ஒரு ஆப்பிள். கூடவே ஒரு இனிப்புப் பெட்டி. என் பக்கத்தில் பேக்கிங் பிரிவு தேவி அக்கா. கை கவரில் இருக்க, வாய் என்னிடம் இருந்தது. லேப்பில் வெள்ளை கோட்டு போடுவார்களா, தன் மகள் பி.எஸ்சி. முடித்தால் அந்த மாதிரி வேலை கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டே போனார். நான் பொரியைப் பார்த்துக்கொண்டே "ம்" கொட்டினேன். ஒரு பொய்க்கு எத்தனை "ம்" செலவாகிறது என்று அன்றுதான் தெரிந்தது.

பத்தரைக்கு எல்லாம் முடிந்தது. பாதி கவர்களை அட்டைப்பெட்டிகளில் போட்டுச் சாலைக்கு எதிரே இருக்கும் இரண்டாவது யூனிட்டுக்கு அனுப்ப வேண்டும். டிஸ்பேட்ச் ஆட்கள் சரக்கு தூக்கும் ஃபோர்க் லிஃப்டைக் குளிப்பாட்டி மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதனால் கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் உதவிக்கு வந்தார். நல்ல மனிதர். சரக்கு அடுக்கும் மரத் தட்டான பேலட்டின் மேல் பெட்டிக்கு நேர் மேலே பெட்டி என்று ஐந்து வரிசை உயரம் ஏற்றிவிட்டார். அடுக்கு மெல்லச் சாய்ந்தது. குடித்துவிட்டு வந்த மாமாவைத் தாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சார், கொஞ்சம் தள்ளிக்கங்க," என்றேன்.

யோசித்துச் செய்யவில்லை. முட்டியை மடக்கி ஒவ்வொரு பெட்டியாக இறக்கினேன். முதல் வரிசையை நீளவாக்கில், அடுத்ததைக் குறுக்குவாக்கில், கொத்தனார் செங்கல் வைக்கிற கணக்கில் அடுக்கினேன். சுற்றிக் கட்டும் பிளாஸ்டிக் தாள் சுருள் ஓரமாகக் கிடந்தது. அதன் நுனியைப் பேலட்டின் மூலையில் முடிந்து, அடியில் மூன்று சுற்று, பிறகு பின்பக்கமாகவே நடந்து நடந்து மேலே வரை சுற்றி, கடைசி நுனியைக் கயிறாக முறுக்கிச் செருகினேன். நாலு நிமிடம் ஆகியிருக்கும். மேலே உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டி "எடுத்துக்கலாம்" என்றேன். ஜெர்மன் மொழியில் சொல்லிவிட்டேன் என்பது பிறகுதான் உறைத்தது.

"அடியம்மா! பத்து வருசம் இதுலயே கெடந்தவ மாரி கீறியே!" என்றார் தேவி அக்கா, கொட்டகைக்கே கேட்கும்படி.

திரும்பினேன். சுண்டல் அண்டாவோடு அப்பா நின்றுகொண்டிருந்தார். மற்றவர்களுக்கு நான் கெட்டிக்காரப் பெண்ணாகத் தெரிந்திருப்பேன். பத்தொன்பது வருடம் அதே வேலை செய்தவரை ஏமாற்ற முடியுமா? அண்டாவைக் கீழே வைத்தார். அடுக்கின் அடிச் சுற்றை விரலால் இழுத்துப் பார்த்தார். என் கையைப் பார்த்தார்.

"எத்தினி மாசமா?"

"ஒண்ணரை வருஷம் நைனா."

அண்டாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பதினொன்றரைக்குப் பூஜை. ஃபோர்க் லிஃப்டின் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள், எல்லாரும் கை தட்டினார்கள். நான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. இத்தனை பேர் முன்னால் அப்பாவைத் தலை குனிய வைக்கப் போகிறேனே என்பது மட்டும்தான் மனதில் ஓடியது. ஜி.எம். ஒவ்வொரு பிரிவாகக் கை குலுக்கிக்கொண்டே டிஸ்பேட்சுக்கு வந்தார்.

"சாலமன், இதான் உன் பொண்ணா? ஜெர்மனில லேப்ல வேலை பாக்குதுன்னியே?"

அந்த நேரம் என் வாயில் இரண்டு பதிலும் இருந்தன. லேப்பைப் பற்றி இங்கிலீஷில் இரண்டு வாக்கியம் அவிழ்த்து விட்டிருந்தால் எல்லாருக்கும் திருப்தியாக முடிந்திருக்கும். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா பேசிவிட்டார்.

"லேப்பு இல்ல சார். படிச்சிக்கினே வேல பாக்குது. டிஸ்பேட்ச்சு. எங்க டிபார்ட்மெண்ட்டு."

பேலட்டைக் கை காட்டி, "இத்த இதான் கட்டுச்சு," என்றார். ஜி.எம். அடுக்கைத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. "நல்லா கட்டிருக்கம்மா," என்று எனக்கும் கை கொடுத்தார். இரண்டு பட்டம் வாங்கினாலும் அப்பா சொன்ன அந்த இரண்டு சொல்லுக்கு ஈடாகாது. "எங்க டிபார்ட்மெண்ட்டு" என்று அவர் சொன்ன விதத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

எல்லாம் சுபம் என்று நினைத்தேன். இல்லை. மூன்றேகாலுக்குக் கம்பெனி வேனில் ஏறினோம். திரும்பும் வழி சாலை வழி, கவரைப்பேட்டை, பெரியபாளையம் வழியாக ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், ஒன்றரை மணி நேரம். பெரியபாளையம் கோயில் கூட்டத்தில் வேன் நின்றபோதுதான் அப்பா வாயைத் திறந்தார்.

"லேப்புன்னு ஏன் சொன்ன?"

"நீ வருத்தப்படுவியேன்னுதான் நைனா."

"நா இன்னா கலெக்டரா, எம்பொண்ணு பொட்டி தூக்குனா மானம் போறதுக்கு?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தோ, முன்னாடி பாபு ஒக்காந்துக்கினு கீறான். இவ்ளோ வருசமா ரெண்டு பேரும் ஒண்ணா தூக்குறோம். அவங்கிட்ட போயி லேப்பு லேப்புன்னு பீத்திக்கினு இருந்தேன். நாங்க பண்ற வேலைய வாயால சொல்லவே எம்பொண்ணுக்கு வெக்கமா கீதுன்னா, நா பத்தொம்போது வருசமா இன்னா பண்ணிக்கினு இருந்தேன், சொல்லு?"

அப்பாவின் மனம் நோகக் கூடாதென்று சொன்ன பொய் என்றுதான் அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். அவர் செய்கிற வேலையைத்தான் நான் கேவலம் என்று ஒளித்து வைத்திருக்கிறேன் என்பது அந்த வேனில்தான் புரிந்தது. "தப்பு நைனா," என்றேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வெங்கல் வந்ததும் மறுபடி திரும்பினார்.

"ஷூ குடுக்குறானா? இரும்பு முனை வச்சதா?"

"குடுக்குறாங்க."

"எவ்ளோ கிலோ தூக்க சொல்றான்?"

"முப்பதுக்கு மேல ரெண்டு பேரு தூக்கணும்."

"பரவால்ல. நல்ல கம்பெனிதான். அடி சுத்து மூணு போட்ட, அது போதாது. அஞ்சு போடு."

திருவள்ளூர் வரும்வரை இதே பேச்சுதான். அப்பாவும் நானும் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசியது அதுவே முதல் தடவை.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ஆயுத பூஜை அன்று கம்பெனி ஆள் ஒருவர் உடன் வராமல் எந்தக் கேட்டிலும் விட மாட்டார்கள். உள்ளே தரையெல்லாம் எண்ணெய், வழுக்காத செருப்பு போடுங்கள். ரயிலில் போய் வேனில் திரும்பினால் இரண்டு பேருக்கும் சாப்பாட்டோடு இருநூறு ரூபாய்தான் ஆகும். மதியச் சாப்பாட்டைக் கம்பெனியே போடும். வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். விசாவில் அனுமதித்த நேரத்துக்குள் என்ன வேலை கிடைத்தாலும் செய்யுங்கள். பாத்திரம் கழுவினால் பாத்திரம் கழுவுகிறேன் என்று வீட்டில் சொல்லுங்கள். உங்களைப் படிக்க வைத்தவர்கள் உங்களைவிடப் பெரிய பாத்திரம் கழுவியிருப்பார்கள்.

நான் மக்டேபர்க்குக்குத் திரும்பி வந்து மூன்று வாரம் ஆகிறது. போன சனிக்கிழமை காலை ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது அப்பா போனில் கூப்பிட்டார். முன்பெல்லாம் "சாப்ட்டியா?" என்று ஆரம்பிப்பார்.

"நேத்து எத்தினி பேலட்டு?"

"இருபத்தொண்ணு நைனா. உனக்கு?"

"பதினெட்டு," என்றார். "ஆனா உங்களுக்கு அங்க மெஷினு தூக்குது."